குவாரிஸ்ம் மண்ணில் ஒரு பாகக் கணக்கு



உஸ்பெகிஸ்தான் என்றதும் உங்கள் நெஞ்சில் முதலில் எழும் ஊர் எது? பெரும்பாலோர் புகாரா என்பீர்கள். சிலர் சமர்கந்து என்பீர்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்தது புகாராவில். அவர்கள் அடக்கம் பெற்றிருப்பது சமர்கந்தை அடுத்த கர்தங்க் என்னும் சிற்றூரில். ஸியாரத்துக்குச் செல்லும் நம் மக்கள் இவ்விரு நகரங்களையும் கண்டு, பஹாவுத்தீன் நக்ஷ்பந்த் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திலும் துஆச் செய்துவிட்டு, தாஷ்கந்து வழியாக ஊர் திரும்பிவிடுவது வழக்கம். நான் சென்ற குழுவும் அவ்வாறே திரும்பியது. நானும் மற்றொருவரும் மட்டும் புகாராவில் குழுவினரிடம் விடைபெற்று, வாடகைக் கார் ஒன்றில் வடமேற்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் பயணம் செய்தோம். வழி நெடுகிலும் கிஸில்கும் பாலைவனம். செம்மணலும் முட்புதர்களும் அன்றி வேறில்லை. பிற்பகலில் இடப்புறம் அகன்று பரந்த ஓர் ஆறு தென்பட்டது. அமு தர்யா என்றார் ஓட்டுநர். நம் கிதாபுகளில் ஜைஹூன் என்று படித்திருக்கிறோமே, அதே ஆறுதான்.

எங்கே போகிறோம் என்று உடன் வந்த நண்பர் இருமுறை கேட்டார். குவாரிஸ்முக்கு என்றேன். அங்கே எந்த வலியுல்லாஹ்வின் அடக்கத்தலம் இருக்கிறது என்றார். அடக்கத்தலம் காணப் போகவில்லை, ஒரு கருத்தரங்கு நடந்த இடத்தைக் காணப் போகிறோம் என்றேன். அது என்றைக்கு நடந்தது என்று கேட்டார். 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் 22 வரை என்றேன். நண்பர் அதற்குப்பின் வெகுநேரம் பேசவில்லை!

அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு கணிப்பொறிக் கருத்தரங்கைத் தேடி அரபி மதரஸா ஆசிரியன் ஒருவன் ஏன் போக வேண்டும்? அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. சற்றுப் பொறுமையுடன் என்னோடு வாருங்கள்.

என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் இன்று பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மீலாது விழாவில் நான் ஆற்றிய உரையைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். அவ்வுரையில், கம்ப்யூட்டரின் உயிர்நாடியாகிய அல்காரிதத்தைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் அறிஞர் அல்குவாரிஸ்மி, எனவே கம்ப்யூட்டரே நம்முடையது என்னும் கருத்துப்பட முழங்கியிருந்தேன். கூட்டத்தினர் தக்பீர் முழங்கினர். வீட்டுக்கு வந்த மாணவரோ, மிகுந்த பணிவுடன், “ஹஜ்ரத், அல்குவாரிஸ்மியின் கிதாபை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. “அவரைப் பற்றிப் பேசுவதற்காகவே அவருடைய மண்ணுக்குப் போன வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், ஹஜ்ரத்” என்று சொல்லி, பருத்த நூல் ஒன்றின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கருத்தரங்கின் உரைகள் அடங்கிய அந்நூல் 1981இல் ஜெர்மனியின் ஸ்பிரிங்கர் நிறுவனத்தார் வெளியிட்டது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு அதில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. விளங்கிய பகுதி என்னைப் படுத்திய பாட்டை இனிச் சொல்கிறேன்.

மஃரிபுக்குச் சற்று முன்னர் கீவா நகரை அடைந்தோம். கீவாவின் உள்நகரத்துக்கு இச்சன் கலா என்று பெயர். சுற்றிலும் மண்ணால் எழுப்பிய உயரமான மதில்; உள்ளே பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கான்களின் மாளிகைகளும் நெருங்கி நிற்கின்றன. 1990இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மேற்கு வாயிலைக் கடந்ததும் கால்தா மினார் கண்ணில் படும். நீலமும் பச்சையுமாய் ஓடு பதித்த, பருத்த, உச்சியில்லாத மினாரா அது. 1850களின் தொடக்கத்தில் முஹம்மது அமீன் கான் வானளாவ எழுப்ப எண்ணித் தொடங்கினார். 1855இல் அவர் போரில் கொல்லப்பட்டதும் வேலை நின்றது. 30 மீட்டரை எட்டாமல் நின்றபடியே இன்றும் நிற்கிறது.

அதை ஒட்டியிருக்கும் முஹம்மது அமீன் கான் மதரஸாவைப் பார்த்தபோது என் மனம் கனத்தது. இரண்டு அடுக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். ஒரு காலத்தில் ஒவ்வோர் அறையிலும் மாணவர்கள் தங்கி ஓதினார்கள். இன்று அது ஒரு ஹோட்டல்! பணம் கொடுத்து நாங்களும் அவ்வறைகளில் ஒன்றில்தான் தங்கினோம். தடித்த சுவரும் குனிந்து நுழையும் வாசலும் உடைய சிற்றறை. எத்தனை மாணவர்கள் இங்கே விளக்கொளியில் பாடம் ஒப்பித்திருப்பார்கள் என்று எண்ணியபடி கட்டிலில் படுத்திருந்தேன். பக்கத்து அறையில் தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தது.

ஃபஜ்ரு தொழுதபின் மேற்கு வாயிலுக்கு வெளியே சென்றேன். மதிலருகே அல்குவாரிஸ்மியின் சிலை இருக்கிறது. சிலை வடித்தல் நமக்கு உவப்பான செயலன்று. சோவியத் ஆட்சியாளர்களுக்கு அதுவே வழக்கமாக இருந்தது. அவரது 1200ஆம் பிறந்த ஆண்டு என்று சொல்லி 1983இல் அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள். ஆனாலும் இச்சிலையில் ஒன்றைக் கவனித்தேன். மற்ற தலைவர்களின் சிலைகளைப் போல் இது கையை உயர்த்தி நிற்கவில்லை. அமர்ந்திருக்கிறார்; பார்வை தரையை நோக்கியிருக்கிறது. கணக்கொன்றைப் பாதியில் விட்டவர் போன்ற தோற்றம்.

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்கள் கலீஃபா மஃமூன் ஆட்சிக் காலத்தில், அதாவது கி.பி. 813க்கும் 833க்கும் இடையில், பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றியவர். அவர் குவாரிஸ்மிலேயே பிறந்தாரா, அவருடைய முன்னோர் இங்கிருந்து பக்தாது சென்றவர்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. பெயரில் ஊர் இருக்கிறது, அவ்வளவே உறுதி. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூலின் அரபி மூலம் இன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த லத்தீன் வடிவம் இருக்கிறது. ‘அல்குவாரிஸ்மி’ என்னும் பெயர் லத்தீன் வாயில் ‘அல்கோரிஸ்மி’ என்றாகி, அதுவே நாளடைவில் ‘அல்காரிதம்’ என்று மாறியது. முதலில் அச்சொல் இந்திய எண்களால் கணக்குப் போடுவதை மட்டும் குறித்தது. பிற்காலத்தில், ஒரு வேலையை ஐயத்துக்கு இடமின்றிப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறை எதற்கும் அதுவே பெயராயிற்று. எண்கள் இந்தியர்களுடையவை என்பதை அந்நூல் மறைக்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மேடையில் நான் அதைச் சொல்லவில்லை.

கீவாவிலிருந்து உர்கெஞ்ச் நகரம் அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. இருமருங்கும் பருத்தி வயல்கள், இடையிடையே கால்வாய்கள். உர்கெஞ்சில் பழமை எதையும் தேட வேண்டாம். வரலாற்றில் வரும் பழைய உர்கெஞ்ச் எல்லைக்கு அப்பால், இன்றைய துர்க்மெனிஸ்தானில் கிடக்கிறது. இது அகன்ற வீதிகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கட்டடங்களும் கொண்ட சோவியத் காலத்து நகரம். நண்பர் ஏமாற்றத்துடன் என்னைப் பார்த்தார். உண்மையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் 1979 செப்டம்பரில் இங்கே வந்து கூடியவர்கள் யார் யார் என்பதை அறிந்தால் நீங்களும் வியப்பீர்கள்.

அழைத்தவர்கள் இருவர். ஒருவர் ஆந்திரேய் எர்ஷோவ்; சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரைச் சேர்ந்த கணிப்பொறி அறிஞர். மற்றவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத். இரண்டு வல்லரசுகளும் ஒன்றையொன்று பகைத்து நின்ற காலம் அது. கருத்தரங்கு முடிந்து மூன்று மாதங்களில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. அதற்கு அடுத்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. சற்றுத் தாமதித்திருந்தால் இக்கூட்டம் கூடியிருக்குமா என்பதே ஐயம். கீவாவின் மதரஸாக்களில் ஓதலோசை அடங்கிப்போயிருந்த அக்காலத்தில், இஸ்லாமிய அறிஞர் ஒருவரின் பெயரை முன்னிட்டுக் கிழக்கும் மேற்கும் அவர் மண்ணில் ஒன்றாய் அமர்ந்தன.

வந்தவர்களில் அமெரிக்கரான ஸ்டீபன் கிளேனி அவர்களுக்கு அப்போது எழுபது வயது. 1930களில் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் என்பவரின் மாணவராய் இருந்தவர். மின்னணுக் கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே, ‘விதிகளைப் படிப்படியாகப் பின்பற்றி எதைக் கணக்கிட முடியும், எதை எந்நாளும் கணக்கிட முடியாது’ என்று ஆராய்ந்த சிலருள் ஒருவர். அல்காரிதம் என்னும் கருத்து எந்தெந்தச் சூழல்களில் எவ்வாறு வருகிறது என்பதே அவரது உரையின் பொருள். மாஸ்கோவிலிருந்து உஸ்பென்ஸ்கியும் செமியோனோவும் அல்காரிதக் கொள்கையால் விளைந்த பலன்களைத் தொகுத்துரைத்தனர். இவ்வுரைகளின் பெரும்பகுதி எனக்கு எட்டாதது. எட்டியதாகப் பாவனை செய்யவும் விரும்பவில்லை.

எட்டிய உரைகள் இரண்டு. ஒன்று வியன்னாவைச் சேர்ந்த ஹைன்ஸ் செமானெக் ஆற்றியது. ஐரோப்பாவில் முதன்முதல் டிரான்சிஸ்டர்களால் கணிப்பொறி அமைத்தவர்களுள் ஒருவர் இவர். அமெரிக்காவில் ‘சூறாவளி’ என்ற பெயரில் ஒரு கணிப்பொறி இருந்ததால், தம்முடைய சிறிய பொறிக்கு ‘மே மாதத் தென்றல்’ என்று பொருள்படும் ஜெர்மன் பெயரை வைத்தாராம்! 1958இல் அது இயங்கத் தொடங்கியது. இத்தகைய பொறியாளர் உர்கெஞ்சில் எதைப் பற்றிப் பேசினார்? அல்குவாரிஸ்மியின் பின்புலம், ஆளுமை, படைப்புகள், தாக்கம். அதுவே உரையின் தலைப்பு. கிறிஸ்தவ நாட்டுப் பொறியாளர் ஒருவர் பக்தாதின் அறிஞரைப் பற்றித் தேடித் தேடித் திரட்டிய செய்திகளை, ஓர் அரபிக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதிய நான் முதன்முதலாக அவருடைய உரையில்தான் படித்தேன்.

மற்றொன்று குனூத் ஆற்றிய முதன்மை உரை. அவருக்கு அப்போது 41 வயது. கணிப்பொறி நிரலாக்கக் கலையைப் பற்றி அவர் எழுதிவரும் பெருநூலின் முதற் பாகம் 1968இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே அல்குவாரிஸ்மியின் பெயர் இருக்கிறது. கணிப்பொறித் துறையின் தலைசிறந்த விருதாகிய டூரிங் விருதை 1974இல் பெற்றவர். உர்கெஞ்சில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: கணித அறிஞர் சிந்திப்பதும் கணிப்பொறி அறிஞர் சிந்திப்பதும் ஒன்றா, வேறா?

இக்கேள்விக்கு நீங்களும் நானும் எப்படி விடை தேடுவோம்? அபிப்பிராயத்தை அள்ளி வீசுவோம். குனூத் செய்ததைக் கேளுங்கள். பல்வேறு துறைகளைச் சேர்ந்த கணித நூல்கள் சிலவற்றை எடுத்தார். ஒவ்வொன்றிலும் 100ஆம் பக்கத்தைத் திறந்தார். தமக்குச் சாதகமான பக்கத்தைத் தேடிப் பிடித்துவிடலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அப்பக்கத்தில் உள்ளதைச் செய்யும் அறிவை ஒரு பொறிக்குப் புகட்ட வேண்டுமானால் என்னென்ன தேவைப்படும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். (இவர் தேவாலயத்தில் ஆர்கன் இசைக்கும் இறைநம்பிக்கையாளர். பைபிளின் ஒவ்வோர் ஆகமத்திலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதுவும் இதே முறைதான்.)

ஆராய்ச்சியின் முடிவில், இரு சாராரின் சிந்தனையிலும் பொதுவானவை பல இருப்பதைக் கண்டார். ஆனால் இரண்டு கூறுகள் கணித நூல்களில் காணப்படவில்லை என்றார். ஒன்று, சிக்கனம்: ஒரு வேலையைச் செய்து முடிக்க எத்தனை படிகள் செலவாகின்றன என்னும் கவனம். மற்றொன்று, நிலை மாறுதல். இதைச் சற்று விளக்க வேண்டும்.

வீட்டில் உண்டியல் ஒன்று இருக்கிறது. ‘உண்டியலில் உள்ள தொகை, உண்டியலில் உள்ள தொகையுடன் ஒன்று சேர்ந்ததற்குச் சமம்’ என்று கணித ஆசிரியரிடம் சொன்னால் அது பொய் என்பார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணுக்குச் சமமாகாது. ஆனால் கணிப்பொறிக்கு இது ஒரு கட்டளை: உண்டியலில் இருப்பதை எடு, ஒன்றைச் சேர், மீண்டும் உள்ளே போடு. பெயர் அதே உண்டியல்தான். உள்ளே இருப்பது மாறிவிட்டது. ஒவ்வொரு படிக்குப் பின்னும் நிலை மாறுகிறது. மாறிய நிலையின் மீதுதான் அடுத்த படி செயல்படுகிறது. ஆகவே படிகளின் வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடும்.

இவ்விடத்தைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் நான் நடத்திவருவது ஃபராயிள் என்னும் வாரிசுரிமைப் பாடம். மய்யித் விட்டுச் சென்ற சொத்துக்குத் தரிகா என்று பெயர். அதிலிருந்து முதலில் அடக்கச் செலவு. எஞ்சியதிலிருந்து கடன். அதன்பின் எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் வஸிய்யத். அதற்கும் பின் எஞ்சியதே வாரிசுகளுக்கு. ஒவ்வொரு படியிலும் தரிகா என்னும் பெயர் அப்படியே இருக்கிறது. அதன் அளவு மாறிக்கொண்டே வருகிறது. வரிசையை ஒருவரும் மாற்ற முடியாது. பங்குகளைப் பிரித்துவிட்டுக் கடனைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் முதலாம் ஆண்டு மாணவன்கூடத் தடுப்பான். குனூத் சுட்டிக்காட்டிய அந்த நிலை மாறுதல், ஃபராயிள் படித்தவனுக்கு அன்றாடப் பழக்கம்.

இது தற்செயலான ஒற்றுமை என்று எண்ணிவிடாதீர்கள். அல்குவாரிஸ்மியின் ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்னும் சொல் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்நூலை எதற்காக எழுதினார் தெரியுமா? வாரிசுரிமை, வஸிய்யத், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காக என்று முன்னுரையில் அவரே காரணம் கூறுகிறார். நூலின் பெரும்பகுதி வஸிய்யத்துக் கணக்குகளே. 1831இல் பிரடெரிக் ரோசன் என்பவர் லண்டனில் அரபி மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அச்சிட்டார். கணித வரலாறு எழுதுவோர் முற்பகுதியைப் போற்றிவிட்டு, பிற்பகுதியைப் புரட்டிக் கடந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். நமக்கோ பிற்பகுதிதான் உறவு.

அதிலிருந்து ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெண்மணி மரணமடைகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். வாரிசல்லாத ஒருவருக்குத் தம் சொத்தில் ஏழில் ஒன்றும் எட்டில் ஒன்றும் சேர்த்துக் கொடுக்குமாறு வஸிய்யத் செய்திருக்கிறார். எப்படிப் பிரிப்பது?

ஏழையும் எட்டையும் பெருக்கினால் 56. அதில் ஏழில் ஒன்று 8. எட்டில் ஒன்று 7. ஆக வஸிய்யத் 15. மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை, எனவே செல்லும். மீதி 41. இனி வாரிசுகள். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நான்கில் ஒன்று. எஞ்சிய முக்கால் பங்கில் மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று என ஐந்து கூறுகள். இரண்டையும் சிதறாமல் பிரிக்கும் எண் 20. கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3. ஆனால் 41ஐ இருபதால் மீதியின்றி வகுக்க முடியாதே? எனவே 56ஐ 20ஆல் பெருக்கி, முழுச் சொத்தை 1120 பங்குகளாக வைக்கிறோம். வஸிய்யத்துக்கு 300. மீதி 820. கணவருக்கு 205. மகனுக்கு 246. மகள்களுக்குத் தலைக்கு 123. கூட்டிப் பாருங்கள், ஒரு பங்கும் தவறாது. பின்னம் வராமல் பிரிக்கக்கூடிய மிகச் சிறிய எண்ணும் 1120தான். குனூத் சொன்ன சிக்கனமும் இங்கே இருக்கிறது!

இத்தகைய கணக்குகளை அல்குவாரிஸ்மி குறியீடு ஒன்றுகூட இல்லாமல், எண்களையும் எழுத்தாலேயே எழுதி, ‘இதைச் செய், பின் இதைச் செய்’ என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். யார் செய்தாலும் விடை ஒன்றே. கணக்குப் போடுபவர் மகனுக்கு வேண்டியவரா, மகளுக்கு வேண்டியவரா என்பது அங்கே செல்லாது.

உர்கெஞ்சிலிருந்து அன்று மாலையே கீவா திரும்பிவிட்டோம். நண்பர் கடைவீதிக்குச் சென்றார். நான் இச்சன் கலாவின் ஜும்ஆப் பள்ளியில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். இருநூற்றுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள் தாங்கி நிற்கும் பள்ளி அது. ஒவ்வொரு தூணிலும் வெவ்வேறு செதுக்கு வேலை. சில தூண்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. தொழுகை இப்போது நடப்பதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். அரையிருளில் அமர்ந்திருந்த எனக்கு 123 என்னும் எண் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இரவு அறையில், ஹோட்டல்காரர் வைத்திருந்த சிறு குறிப்புத்தாளில், வேறொரு கணக்கைப் போட்டேன். ஒருவர் மரணமடைகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். கடனில்லை, வஸிய்யத் இல்லை. சொத்து ஒரு வீடு. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது ஐந்து கூறு. ஆக மொத்தம் 40. மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7.

வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் எளிய கணக்குதான். அந்த மரணமடைந்தவர் என் வாப்பா. அவர்கள் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளாகின்றன. நாற்பதாவது நாள் கழிந்ததும் பெரியவர்கள் கூடினார்கள். தங்கைக்குத் திருமணத்தின்போதே நகை போட்டாயிற்று, மாப்பிள்ளை வீடும் வசதியானது, இருக்கும் ஒரு வீட்டை உடைக்க வேண்டாம் என்றார்கள். தங்கை தலையாட்டினாள். விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவாயிற்று. வாப்பா உயிரோடிருக்கையில் தம் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கில் கழியாது. பங்கு இன்னதென்று அவளுக்குச் சொல்லி, அதைக் கையில் கொடுத்து, அதன்பின் அவளாக மனமுவந்து விட்டுக்கொடுப்பது ஒன்று. கூடத்தில் பத்துப் பெரியவர்கள் பார்த்திருக்க, எவ்வளவு என்றே தெரியாமல் கையொப்பமிடுவது வேறொன்று. அப்போதுதான் ஸனது வாங்கி வந்திருந்த நான், அக்கூடத்தில் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். நாற்பதில் ஏழு என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம், 12ஆம் வசனங்களை விளக்கியிருக்கிறேன். அவற்றை அடுத்துவரும் எச்சரிக்கையையும் விளக்கியிருக்கிறேன். நம் மஹல்லாக்களில் எத்தனை வீடுகளில் இதுபோன்ற பத்திரங்கள் இரும்புப் பெட்டிகளில் உறங்குகின்றன என்பதை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அல்குவாரிஸ்மி நம்மவர் என்று மேடையில் நான் முழங்கியதற்கும், அவர் எழுதிய கணக்கை என் வீட்டில் போடாமல் விட்டதற்கும் இடையே கிடந்த தூரம், புகாராவிலிருந்து கீவா வரை கண்ட பாலையைவிட நீளமானது. எங்கிருந்தோ வந்த குனூத்தும் செமானெக்கும் அவர் மண்ணில் நின்று அவருக்குச் செய்த மரியாதை, அவருடைய வழியில் ஒரு படியையும் தவறவிடாமல் கணக்குப் பார்த்தது. எர்ஷோவ் இங்கிருந்து சென்று இரண்டாண்டுகளில், 1981இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த மாநாட்டில், நிரலெழுதக் கற்பதே இரண்டாவது எழுத்தறிவு என்று முழங்கினார். முழங்கியதோடு நிற்கவில்லை, 1985இல் சோவியத் பள்ளிகளில் அப்பாடம் தொடங்கியதில் அவருடைய உழைப்பு பெரிது. 1988இல் மறைந்தார்.

குறிப்புத்தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஊர் வந்ததும் காக்காவிடம் பேசினேன். காக்கா அரிசி மண்டி வைத்திருப்பவர். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். “அப்ப போட்ட நகையெல்லாம் கணக்குல வராதா?” என்று முதலில் கேட்டார். வராது என்றேன். “பதிவு பண்ணுன பத்திரத்தை என்ன செய்யிறது?” என்றார். அவள் பங்கை நாம் இருவரும் நம் பங்கிலிருந்து எழுதிக்கொடுக்கலாம் என்றேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். உம்மா பக்கத்து அறையிலிருந்து, “அவளைக் கேட்டீங்களாடா?” என்றார்கள். அன்றைக்கு அவளை யாரும் கேட்கவில்லை என்பதை உம்மா மறக்கவில்லை போலும்.

தங்கை இன்னும் சம்மதிக்கவில்லை. “இப்ப எதுக்கு காக்கா இதெல்லாம்? ஊர்ல என்ன பேசுவாங்க?” என்கிறாள். அவள் பங்கு இன்னதென்று அறிந்தபின் விட்டுக்கொடுப்பதாயினும் சரி, எடுத்துக்கொள்வதாயினும் சரி, அது அவள் விருப்பம் என்று சொல்லி, கீவாவில் எழுதிய அந்தத் தாளை அவளிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற வாரம் சர்வேயர் வந்து வீட்டை அளக்கிறார். நாற்பதில் ஏழு என்றால் எத்தனை சதுர அடி வரும் என்று காக்கா நேற்றுக் கேட்டார். அளந்தபின் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.